புறம்போக்கு

விசையை அழுத்தியதும் முதலில் வருவது
நிரல் அல்ல, ஒரு கணக்கு.
பலகையில் முன்பே குடியிருக்கும் ஃபர்ம்வேர்
இருட்டிலேயே கெர்னலின் கையில் திணித்துவிட்டுப் போகும்
சர்வே பட்டியல்:
இங்கிருந்து இதுவரை உன்னுடையது.
இது வானொலிச் சில்லுக்கு. இது யாருக்கென்று கேட்காதே.
இதோ இந்த ஒரு மெகாபைட், புறம்போக்கு.
பட்டா போடாதே. வீடு கட்டாதே.
குறுக்கு வழியென்று நடந்தும் போகாதே.

ஹில்ப்பாவுக்கு அந்த ஒரு மெகாபைட்தான் வேண்டியிருந்தது.

எனக்கு இதில் வேலை இல்லை. பக்கத்து மேசை,
அவ்வளவுதான். ஔலுவில் அந்த வாரம்
மைனஸ் இருபத்தேழு;
வீட்டுக்குப் போவதைவிட வேடிக்கை பார்ப்பது சுலபம்.

ஹைலுவோத்தோ தீவுக்குக் கடல்மேல் போகும்
உறைந்த சாலையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி.
காலடியில் பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டியது.
விடியற்காலை மூன்று மணிக்கு மேல்
சொல்லாமல் கொள்ளாமல் சாகும்.
பிறகு தானே எழுந்து
ஒன்றும் நடக்காததுபோல் எண்களை அனுப்பும்.
காலையில் சாலைக்காரர் ஐமோ அழைப்பார்:
"இன்றும் போய்விட்டது."
வேறு எதுவும் சொல்லமாட்டார்.

சாகிற கெர்னல் தன் கடைசி வரிகளை
அந்தப் புறம்போக்கில் எழுதிவிட்டுச் சாகும்.
மின்சாரம் அறாத மறுபிறப்பு என்பதால்
எழுத்து அழியாது.
அடுத்து எழுவது அதை எடுத்துப் படிக்கலாம்.
ஏற்பாடு அப்படி.

ஐந்து இரவுகள்.
ஐந்து முறையும் படிக்கக் கிடைத்தவை பூஜ்யங்கள்,
நடுநடுவே நீள நீளமான எண்கள்.
"குப்பை" என்றேன்.
"குப்பைக்கு ஒரே மாதிரி வால் இருக்காது"
என்றாள் ஹில்ப்பா.
உண்மைதான். எல்லா எண்ணும்
ஒரே மூன்று இலக்கத்தில் முடிந்தன.

குப்பை அல்ல, அது முகவரிப் பட்டியல்.
புதிதாகப் பிறந்த கெர்னல்
எந்த முகவரி எங்கே என்று எழுதிக்கொள்ள
காலி இடம் தேடியிருக்கிறது.
செத்தவன் கடிதத்தைத் துடைத்து
அதன்மேலேயே எழுதியிருக்கிறது.
திருட்டு இல்லை. கேட்டுத்தான் எடுத்தது;
அந்த நேரத்தில் தடுக்க யாரும் இல்லை.
புறம்போக்குப் பட்டியலைப் படிக்கும் வரி
இடம் கொடுக்கும் வரிக்கு
நான்கு வரி கீழே இருந்தது.

யாரோ எப்போதோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று
மாற்றி வைத்திருக்கிறார்கள்.
இரண்டு வரியும் சரி. எழுத்துப்பிழைகூட இல்லை.

அவள் அதை வெட்டி மேலே ஒட்டினாள்.
இயந்திரத்தில் காபி தீர்ந்திருந்தது,
சூடான தண்ணீரைக் குடித்தாள்.
மாற்றக் குறிப்பில் எழுதியது:
"வேலியை முதலில் போடு."
பிறகு அதை அழித்து, ஒழுங்கான ஃபின்னிஷில்
ஏழு வரி எழுதினாள். எனக்கு முதலாவதுதான் பிடித்தது.

ஆறாம் இரவு, மூன்று பதினான்கு.
பெட்டி செத்தது. எழுந்தது.
திரையில் வரிசையாக இறங்கின
இறந்தவனின் வார்த்தைகள்:
மின்னழுத்தம் சரி. வெப்பநிலை சரி.
தடிமன்: மைனஸ் இரண்டு சென்டிமீட்டர்.
அதற்குக் கீழே,
"இங்கே ஒருபோதும் வராது, வந்தால் நிறுத்து."

ஹில்ப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.
அது அவள் எழுதிய வரி.
இரண்டு கோடைக்கு முன்,
ஜன்னல் திறந்திருந்த ஒரு மாலையில்,
மைனஸ் தடிமனில் பனிக்கட்டி ஏது என்று
சிரித்துக்கொண்டே எழுதியது.
எனக்கும் நினைவிருந்தது, நானும் சிரித்திருந்தேன்.

அந்த நேரத்திலேயே ஐமோவை அழைத்தாள்.
உடனே எடுத்தார். பின்னால் எஞ்சின் உறுமல்.
"மூன்றேகாலுக்கு அங்கே யார் வருவார்கள்?"
"யார் வருவார்கள்? நான்தான்.
சாலையில் பனி வழிக்க வேண்டாமா?"

பன்னிரண்டு டன் வண்டி கடக்கும்போது
கடல் கொஞ்சம் குனிகிறது.
துளை வழியே தண்ணீர் ஏறி
உணர்கருவியின் முகத்தில் அடிக்கிறது.

"எவ்வளவு தள்ளிப் போகட்டும்?" என்றார் ஐமோ.
ஹில்ப்பா என்னைப் பார்த்தாள்.
அதற்கு எந்தப் பட்டியலும் எங்களிடம் இல்லை.
"இப்போதைக்கு
நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.
அவர் வண்டியை அணைக்காமலே இறங்கியது கேட்டது,
பிறகு பனிக்கட்டியில் குச்சி இறங்கும் சத்தம்.