அடுத்த ஆண்டு, உள்துறைமுக வீதி

யூலை.
கச்சான் அடித்து உதடு வெடிக்கிற மத்தியானம்.
தாள் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு
இரண்டாம் மாடியில் வியர்த்தபடி
நவம்பரை எழுதி முடிக்கிறேன்:
‘அடைமழையில் ஜெனரேட்டர், கவனிக்கப் பத்து.’

வெளியே ஒரு துளி இல்லை.
என் தொழில் அப்படி.
பொங்கல் வாழ்த்தை ஒக்டோபரில் எழுதியாயிற்று;
பொங்கலன்று
மேசையில் சித்திரை வெயில் கிடக்கும்.

நவம்பரைத் தள்ளிவைத்தால் சுவரில் அடுத்த ஆண்டு,
பென்சிலால் போட்ட பன்னிரண்டு கட்டம்.
ஜனவரி பம்புகள்.
பெப்ரவரி வெல்டிங்.
மார்ச் துரு.
இந்த ஊருக்குத் துரு ஒரு மாதம் போதாது,
வருடா வருடம் சொல்கிறேன்.
துருவுக்கு ஆர் விளம்பரம் தருவினம்,
பூச்சுக்குத்தானே தருவினம் என்கிறார் குகதாசன்.
அவர் சொல்வதும் சரி.
என் சம்பளம் பின்னட்டைப் பூச்சிலிருந்து வருகிறது.

சீனன்குடாத் தாங்கிகள் பற்றி
இந்த வருடமும் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.
மூவருக்கும் ஒரே படம்:
தாங்கி, காடு, மேலே ஒரு குரங்கு.
கொள்ளளவு மட்டும் ஆளுக்கொரு கணக்கு.
மூன்றையும் திருப்பி அனுப்பினேன்,
அளந்துவிட்டு எழுதுங்கள் என்று.

நாலாவது உறை கிண்ணியாவிலிருந்து.
கட்டத் தாளில், நீல மையில், ஐந்து பக்கம்.
பெயர் நிஸ்தார். ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பவர்.
நன்றாக எழுதத் தெரியாது.
எல்லா வாக்கியமும் ‘அத்துடன்’ என்று தொடங்குகிறது.
அத்துடன் அன்று இரவு அழுத்தம் ஏறியது.
அத்துடன் நான் அளவியை விரலால் தட்டினேன்.
அத்துடன் அமோனியா.
ஓடியவர்களில் ஒருவர் இப்போதும் இருமுகிறார்.
கடைசி வரியில் மட்டும் ‘அத்துடன்’ இல்லை:
‘அளவி சரியாகத்தான் காட்டியது.
அது பழுதென்று நினைத்தது நான்.’

எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன்.
ஒரு அத்துடனையும் எடுக்கவில்லை.

குகதாசன் நின்றபடியே வாசித்தார்.
நல்ல சாமான், டிசம்பரில் போடுங்கோ என்றார்.
டிசம்பரை ஒருத்தரும் வாசிக்கிறதில்லை
என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.
நடுப்பக்கம் கம்ப்ரசர் கம்பனிக்காரருடையது,
முழு வருடத்துக்கும்.
கசிவு என்ற சொல் அவர்கள் படத்துக்குப் பக்கத்தில்
இருக்கக் கூடாது.

நான் பின்னாலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
வாடை ஓய்ந்து கடல் படுக்கிறது மார்ச்சில்.
வள்ளங்கள் இறங்க ஐஸ் வேண்டும்;
மாதக்கணக்கில் நின்ற ஆலைகளை
அப்போதுதான் முடுக்குவார்கள்.
அதற்கு முந்திய கிழமை
இந்த ஐந்து பக்கமும் அங்கே இருக்க வேண்டும்,
எண்ணெய்க் கை பட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில்.
கொழும்பில் அச்சு பத்து நாள்.
லொறி ஒரு இரவு.
கந்தளாயில் யானை மறித்தால்
இன்னும் இரண்டு மணித்தியாலம்.

வெல்டிங்கை அழித்தேன்.
பெப்ரவரிக் கட்டத்தில், நடுப்பக்கத்துக்கு முன்னால்,
ஐந்து பக்கம் என்று பேனாவால் எழுதினேன்.

அப்போ டிசம்பர்?
அது வெறுமையாக இருக்கட்டும்.
எதுக்கு?
இன்னும் உடையாத ஏதோ ஒன்றுக்கு.

அவர் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
அந்தப் பக்கத்தை இப்பவே விற்கலாமோ என்று கேட்டார்.

அவர் படியிறங்கியபின்
மின்விசிறியைப் போட்டேன்.
நிஸ்தாரின் தாள்கள் எழும்பப் பார்த்தன.
முழங்கையை வைத்துக்கொண்டு
தொலைபேசியில் கிண்ணியா இலக்கத்தை அழுத்தினேன்,
இருமுகிறவரின் பெயரைப் போடலாமா,
அவரிடம் கேட்டாயிற்றா
என்று கேட்க.