இருபத்தெட்டு நாள்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு
எண்பத்தாறு இலட்சம் ரூபாய்
என் பெயரில் வந்து இறங்கியது.
திருநெல்வேலிக் கிளையில்
நாற்பத்திரண்டாம் இலக்கத் துண்டோடு இருந்தேன்.
காசாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்:
"லொத்தர் விழுந்ததோ, தங்கச்சி?"
விசா, என்றேன்.
"ஓ" என்றுவிட்டு நாற்பத்து மூன்றைக் கூப்பிட்டார்.

காசு பரராசசிங்கத்தாருடையது.
மாதம் நூற்றுக்கு இரண்டு.
தொடக்கூடாது. ஒரு நாள் ஒரு சதம் குறைந்தாலும்
எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்.
இருபத்தெட்டு நாள் அது அங்கேயே கிடக்கவேண்டும்.
"கோழிக்கு இருபத்தொண்டு" என்றார் அம்மா,
"இருபத்தெட்டெண்டால் தாரா முட்டை."
பிறகு, அரிசி களைந்துகொண்டு,
"கூழாகாமல் இருந்தால் சரி."

காதுகள் இரண்டும் தெரியப் படம் எடுத்தேன்.
சிரிக்க வேண்டாம் என்றார் ஸ்டூடியோக்காரர்.
சிரிக்கவில்லை என்றேன்.
அப்ப முகமே அப்பிடியோ, என்றார்.
நெஞ்சையும் படம் எடுத்தார்கள்.
உள்ளே ஒன்றும் இல்லை என்று
முத்திரை குத்தித் தந்தார்கள்.

பிறப்புப் பத்திரத்தில் டி-யில் தொடங்கும் தயாளினி,
உயர்தரச் சான்றிதழில் ரி-யில் தொடங்கும் தயாளினி.
சமாதான நீதவான் வீட்டு விறாந்தையில்
ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்து
இருவரும் ஒருவரே என்று
சத்தியக் கடதாசி வாங்கினேன். ஆயிரத்து ஐந்நூறு.
வரும் வழியில் யோசித்தேன்,
மறுத்தால் எந்தத் தயாளினிக்கு மறுப்பார்கள்?

ஒவ்வொரு இரவும் கைபேசியில் மிச்சம் பார்த்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.
இருந்தது.

பத்தொன்பதாம் நாள் கிணற்று மோட்டர் எரிந்தது.
கருகிய மணம் குசினி வரைக்கும்.
வைண்டிங் செய்யப் பதினாலாயிரம்.
எண்பத்தாறு இலட்சத்துக்காரி
மங்களேஸ் அக்காவின் படலையில் நின்று
கைமாற்றுக் கேட்டேன்.
அவ தந்தா. இரண்டு தரம் எண்ணித் தந்தா.
"லண்டனுக்குப் போற பிள்ளை" என்று சொல்லித் தந்தா.
வட்டியில்லாக் காசுக்கும்
அவ்வளவாவது வட்டி இருக்கும்தானே.

படிக்கப் போவது நிலத்தடி நீர்.
ஏன் இந்தப் பாடம், ஆயிரம் சொல்லில் எழுதவும்.
எழுதினேன்: சுண்ணாம்புக்கல், உவர், நைத்திரேற்று.
வைண்டிங் கடைக்காரன் நாளைக்கு நாளைக்கு என்று இழுக்க
கயிறும் வாளியுமாய் அள்ளிக் குளிப்பதை
எழுதவில்லை.
கேத்திலின் அடியில் படிந்த வெள்ளையைச்
சுரண்டி ஒட்டியிருந்தால் போதும்.

அடுத்த கேள்விதான் என்னை இருத்திவிட்டது.
படிப்பு முடிய நீர் திரும்பி வருவீர்
என்பதற்கு என்ன ஆதாரம்?
"சொத்துக் காட்டுங்கோ, அக்கா" என்றான்
முகவர் நிலையத்து அருள்நேசன்.
கோண்டாவிலில் நாலு பரப்பு,
அம்மாவின் சீதனம்,
கிணறும் வழிவாய்க்காலும் உட்பட.
உறுதியின் பிரதியை இணைத்தேன்.
மூல உறுதி
பரராசசிங்கத்தாரின் இரும்பு அலுமாரியில்,
எண்பத்தாறு இலட்சத்துக்கு ஈடாக.

நான் போவதற்கும் அந்தக் கடதாசிதான்,
வருவேன் என்பதற்கும் அந்தக் கடதாசிதான்.
அருள்நேசனிடம் சொன்னேன்.
கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்
"எல்லாருக்கும் அப்பிடித்தான் அக்கா,
ஸ்கான் வடிவா விழுந்தாச் சரி" என்றான்.

இருபத்தொன்பதாம் நாள்
வங்கிக் கடிதம் கைக்கு வந்து
அரை மணித்தியாலத்தில் காசு போய்விட்டது.
மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் சொச்சம்.
அந்தச் சொச்சம் என்னுடையது.
அன்றிரவும் பழக்கத்தில் பார்த்தேன்.

பிறகு இரவு பஸ், கொழும்பு, குளிரூட்டிய அறை.
நாலு விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள்.
பச்சை விளக்கு வரவில்லை.
துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள். வைத்தேன்.
என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
கயிறு உரித்த தோல், நுனிவரைக்கும்.
"என்ன வேலை செய்றீங்க?"
படிக்கப் போறன், என்றேன்.
"ம்" என்றாள். "அழுத்தி வையுங்க.
இன்னொருக்கா."