இரண்டு மணி முதல் ஆறு மணி வரை

குலசேகரத்தில் மழை விட்டுப்
பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.
ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தின் மேல்மாடியில்
நானும் ஒரு மடிக்கணினியும்
சம்பளம் கேட்காத ஏஜென்ட் ஒன்றும்.

அதன் கையில் ஐந்து சாவி கொடுத்திருக்கிறேன்.
விதிகளைப் படிக்க, எழுத, ஒத்திகை பார்க்க,
கடிதங்களை நிறுத்த, விடுவிக்க.
ஆறாவது சாவி, அழிப்பது,
என் இடுப்பில் இருக்கிறது.

போன மாதம் செயலாளர் பெயரில் ஒரு மெயில் வந்து
நாற்பத்தோராயிரம் ரூபாய்
யாரோ ஒருவன் கணக்குக்குப் போனது.
கமிட்டி கூடி, பழம்பொரி தின்று,
'மெயிலை எல்லாம் டைட் ஆக்கணும்' என்று
மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்திட்டது.
டைட் என்றால் என்னவென்று
மினிட்ஸில் இல்லை.

ஏஜென்ட் ஓராண்டுக் கடிதங்களை
என் கட்டன்சாயா ஆறுவதற்குள் படித்துவிட்டு
ஒரு விதியை நீட்டியது:
வெளியிலிருந்து, இணைப்போடு,
இரவு இரண்டு முதல் ஆறு வரை வருபவை
சந்தேகத்துக்குரியவை. நிறுத்தலாமா?

நியாயம்தான்.
அந்த நேரத்தில் நல்லவர்கள் தூங்குகிறார்கள்.

ஒத்திகை பார் என்றேன்.
பழைய கடிதங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு
வலையில் விழுந்தன.
முதலாவதைத் திறந்தேன்.
ரெத்தினபாய், திற்பரப்பு.
எடைச்சீட்டின் படம். தலைவிளக்கின் வெளிச்சம் விழுந்து
எண்ணில் பாதி எரிந்துபோயிருந்தது.
'இதில ஒண்ணரக் கிலோ குறையுது சார். நோக்கிச் சொல்லுங்க.'
நேரம் 3.17.

அப்போதுதான் உறைத்தது.
வெயில் ஏறினால் பால் இறங்காது.
ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில்தான்
அவர்களுக்கு ஃபோன் எடுக்கக் கை ஒழியும்.

இங்கே இரண்டு மணி இரவு இல்லை, என்று தட்டினேன்.
விலக்குக்குக் காரணம் வேண்டும் என்றது.
'மரம்' என்று போட்டேன்.
போதாது என்றது.
பிறகு மூன்று வரி எழுதினேன்,
பால் எப்போது ஓடும், யார் எப்போது விழிப்பார்கள்,
சங்கம் யாருடையது என்று.
பதிந்துகொண்டது.
எனக்கு லேசாகக் கர்வம் வந்தது.

அதற்குள் அது சொன்னது,
'விலக்கினால் இதுவும் உள்ளே வரும்.'
நூற்றெண்பத்தேழாவது கடிதம்.
சத்தியநேசன், செயலாளர்.
வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, அவசரம்.
முகவரியில் ஒரே ஒரு எழுத்து கூடுதல்.
வேறொரு நாள்.
ஆனால் நேரம் 3.17.

சரி, கடிகாரத்தை விடு என்றேன்.
பதிவேட்டில் உள்ளவர்கள் எந்நேரமும் வரட்டும்.
பணம், கணக்கு, அவசரம் மூன்றும் சேர்ந்து வந்தால்
செயலாளரே ஆனாலும்
ஒருவர் ஃபோன் செய்து கேட்கும்வரை வெளியே நிற்கட்டும்.
எழுதியது. ஒத்திகை பார்த்தது.
ரெத்தினபாய் மறுபடி வெளியே.

அவர் எழுதியது மகனின் முகவரியிலிருந்து:
கிங்மேக்கர்007.
ஏஜென்ட் அதை நம்பவில்லை.
நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பதிவேட்டில் எண் இருந்தது. அழைத்தேன்.
மணி மூன்று ஆகப் பத்து நிமிஷம்.
இரண்டாவது மணியில் எடுத்தார்.
'மழையில்லியா, இன்னிக்கு வெட்டு இல்ல.
ஆனா உறக்கம் தெளிஞ்சாச்சு. ஆரு?'
சங்கத்திலிருந்து என்றேன்.
முகவரி உங்களுடையதுதானா என்று கேட்க வாயெடுத்தேன்.
'அந்த ஒண்ணரக் கிலோ என்னாச்சு மக்கா?'

தேதியைப் பார்த்தேன்.
நாலு மாதம்.
எந்த விதியும் அதை நிறுத்தியிருக்கவில்லை.
எங்கள் பெட்டியில்தான் கிடந்தது,
கறுப்பெழுத்தில், திறக்காமல்.

'திறக்கப்படாத கடிதங்களுக்கு
விதி ஏதும் இல்லை. எழுதவா?'
என்று கேட்டு ஏஜென்ட் காத்திருக்கிறது.
ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
நான் அலமாரியில்
ஜூன் மாத எடைப் புத்தகத்தைத் தேடுகிறேன்.