அனாமத்து

பத்தாவதில் இருநூற்று எழுபத்தொன்று.
"தொழிற்கல்விதான் காலியா கீது, போட்டுறட்டுமா?"
கேட்கும்போதே எழுதிவிட்டார்
ஆபீஸ் ரூம் கிளார்க்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வகுப்பு.
முதல் குரூப் பிள்ளைகள் தவளையை அறுக்கும் நேரத்தில்
நாங்கள் மாதிரிக் காசோலைகளில்
லட்சங்களை எழுத்தால் எழுதி
"மட்டும்" என்று முடித்துக்கொண்டிருப்போம்.
அஃப்ரோஸ் ஒருநாள்
நெல்லூர்பேட்டை மொத்தத்தையும் வாங்கிவிட்டாள்.
அவள் காசோலை இன்றுவரை திரும்பவில்லை.

நான்கு தட்டச்சுப் பொறிகள்.
எனக்கு வாய்த்த நான்காவதில் ழ விழாது.
கிழமை அடித்தால் நடுவில் பல் போயிருக்கும்.
காகிதத்தை உருவி, பேனாவால் கட்டிவிட வேண்டும்
ஒவ்வொரு ழவையும்.

பணம் உள்ளே வந்தால் பற்று என்கிறது புத்தகம்.
வீட்டில் அதற்குப் பேர் வரவு.
காலாண்டுவரை இந்த ஒரு திருப்பத்தில்
வௌவால் மாதிரி தொங்கினேன்.
பிறகு ஒரு மத்தியானம்
இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்தது.
கீழே இரட்டைக் கோடு இழுத்தேன்,
டீச்சர் சொன்னபடி முனையில் சின்னக் கொக்கி வைத்து.
அன்றைக்குப் பசிக்கவேயில்லை.

ஏதாவது ஒரு நிறுவனத்தின் கணக்கை
எழுதி வரச் சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்த நிறுவனம்
மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தது.

அரிசி டப்பாவின் பின்னாலிருந்து
அம்மாவின் பீடி பாஸ்புக்கை எடுத்தேன்.
நாற்பத்தொரு வாரம்.
இலை இவ்வளவு, தூள் இவ்வளவு,
சுற்றியது ஐயாயிரம், கழிவு ஆறு கட்டு.
சுற்றியது ஐயாயிரத்து இருநூறு, கழிவு ஆறு கட்டு.
சிரசுத் திருவிழா வாரம், காய்ச்சல் வேறு,
மூவாயிரம்தான். அதற்கும்
ஆறு கட்டு.

ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை.
அம்மாவின் விரல்கள்
அவ்வளவு ஒழுங்காகவா தப்புச் செய்யும்?

கட்டுக்கு இருபத்தைந்து,
ஆயிரத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய்.
இருநூற்று எழுபத்தாறு ரூபாய்
எழுபத்தைந்து காசு மட்டும்.

சனிக்கிழமை, சித்தூர் கேட் பக்கம், மண்டியில்
பாஸ்புக்கை நீட்டினேன்.
கணக்கெழுதும் தணிகைவேல் நிமிரவில்லை.
அவர் பேரேட்டில் சிவப்பு இரட்டைக் கோடு,
முனையில் சின்னக் கொக்கி.

"அண்ணே, நீங்க எங்க படிச்சீங்க?"
"சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால.
நாலாவது மெஷின்ல ழ இன்னும் வுழலியா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
அதற்கப்புறம் சண்டை போடுவது கஷ்டம்.

"மொதலாளி சொல்ற நம்பர மொதல்ல எழுதிறணும்மா.
மத்ததெல்லாம் அதுக்கு டாலி ஆவணும்" என்றார்,
காதருகே, ஏதோ பாடக் குறிப்பு போல.
"பன்னெண்டாவது முடிச்சிட்டு வா.
இன்னொரு ஆள் கேக்கறாங்க. ஆயிரத்தி எரநூறு."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன்,
நாற்பத்தொரு வாரத்தையும், ஆறையும், காசு சுத்தமாக.
அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
"மாசத்துக்கா?" என்றாள்.
"எது?"
"அந்த ஆயிரத்தி எரநூறு."

இருப்பாய்வு சமப்படாவிட்டால்
பிழை தெரியும்வரை
வித்தியாசத்தை அனாமத்தில் வை என்கிறது பாடம்.
தெரிந்துபோன பிழையை
எங்கே வைப்பதென்று
பொருளடக்கம் முழுக்கத் தேடினேன்.

நோட்டில் அனாமத்து என்றே எழுதிக் கொடுத்தேன்.
பத்துக்கு எட்டு.
ஓரத்தில் சிவப்பு மையில்:
"இதை நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது."

மாலை, எல்லோரும் போன பிறகு,
நான்காவது பொறியில் தாளைச் சொருகினேன்.
பெறுநர் என்று அடித்தேன், எதிரே ஒன்றும் அடிக்கவில்லை.
பொருள்: கழிவு.
ழ விழவில்லை.
பேனாவைத் திறந்து
அந்தச் சந்தின்மேல் பிடித்துக்கொண்டிருந்தேன்,
வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டும்வரை.