தலைமாறாட்டம்

என் குளியலறையில் தொட்டி கிடையாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எல்லாரும் கடைசியில் கேட்பது அதைத்தான்.
தகரத் தடுப்பு, ஒரு பூவாளிக் குழாய், அவ்வளவே.
ஆனால் நூற்றுப் பதினான்கு நுரைக்குளியல் புட்டிகள்
சமையலறை முதல் படுக்கைத் தலைமாடு வரை
அலமாரி அலமாரியாக நிற்கின்றன:
மாலுமித் தொப்பி வைத்த நீர்நாய்,
விண்வெளி உடுப்பில் முயல்,
ஒரே பருவம் ஓடி நின்றுபோன
கார்ட்டூன் படங்களின் அநாதைகள்.

வெறும் பிளாஸ்டிக். தலைதான் மூடி.
திருகினால் கழுத்துவழி சோப்பு வரும்.
ஆகவே முதலில் தொலைவதும் தலைதான்.
வீலிங் ஊர்க்காரன் ஆர்டெல்
திறக்காத புட்டியைத்தான் தொடுவான்.
எனக்கு, குழந்தைகள் காலிசெய்தது போதும்.
பதினோரு வருடமாக என்னிடம்
தலையில்லாத நரி ஒன்று,
கோடுபோட்ட கால்சட்டை, இடுப்பில் கை,
எதையோ கேட்டுவிட்டுப்
பதிலுக்குக் காத்திருக்கும் நிற்பு.

மார்ச் மாதம், யங்ஸ்டவுனில்,
உருகிய பனி காலணிக்குள் இறங்கிய சனிக்கிழமை,
டோலோரஸ் ஹ்ருஸ்காவின் கார் கொட்டகையில்
வீட்டைக் காலிசெய்யும் விற்பனை.
ரொட்டி சுடும் இயந்திரத்துக்கும்
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவே
கரடி உடம்பில் என் நரியின் தலை.

முகத்தில் எதையும் காட்டாமல்
ரொட்டி இயந்திரத்தின் விலையைக் கேட்டேன்.
அவள் ஏமாறவில்லை.

"அவரா? எங்கள் வீட்டில் அவர் பெயர் பாதிமாமா.
நாங்கள் மூன்று பேர், ஒரே தொட்டி.
லூமிர் கடித்துத்தான் அந்தக் காது அப்படி.
நாங்கள் எழுந்ததும் அதே தண்ணீரில் அப்பா இறங்குவார்,
உருக்காலையிலிருந்து வந்த மேனியோடு.
வெள்ளை நுரை ஈயநிறமாகும்.
கரடித் தலையா? நாய் கொண்டுபோயிருக்கும்.
ஐந்து டாலர் கொடு."

விலைப்பட்டியலில் முழு நரி தொண்ணூறு.
தலை மாறியிருந்தால் மதிப்பில்லை.
ஐந்தைக் கொடுத்தேன். சரியாகச் சில்லறை இருந்ததற்கு
ஏன் வெட்கப்பட்டேன் என்று தெரியவில்லை.
ரொட்டி இயந்திரத்தையும் வாங்கிக்கொண்டேன்.

இரவு,
பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துத் திருகினேன்.
முதலில் மறுத்தது,
பிறகு முனகிக்கொண்டே கழன்றது.
உள்ளே அடியில் பழுப்பாக, ஜவ்வாக
அரை விரற்கடை ஏதோ.
அலசிவிட்டு நரியோடு நரியைச் சேர்க்கலாமென்று
குழாயைத் திறந்தேன்.

அது நுரைத்தது.

விரலிடுக்கில், மணிக்கட்டில்,
எச்சில் தட்டின்மேல், தேநீர்க் கரண்டியின்மேல்,
ஐம்பத்தெட்டு வருடம் சும்மா கிடந்ததற்கு
வட்டியும் முதலுமாக.
வாசனை இல்லை. லேசாகப் பிளாஸ்டிக்.
சட்டைக்கை முழங்கைவரை நனைந்தும்
குழாயை மூடவில்லை நான்.
கடித்த காதோடு நரித்தலை
கரண்டிகளுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.
கோடுபோட்ட கால்சட்டை அலமாரியில்
இடுப்பில் கைவைத்தபடி நின்றது.

"கொஞ்சம் இரு," என்றேன் அதனிடம்,
"பாதிமாமா குளிக்கிறார்."