சும்மா

ஆடி பிறந்து இரண்டாம் ஞாயிறு.
எம்.சி. ரோட்டில் எல்லோரும் துணிக்கு முட்டிக்கொள்ள
நான் எண்ணெய்க்கும் சோப்புக்கும் போனேன்.

ரேஷன் கார்டு உறைக்குள்
நாளுக்கு இருபதாய்ச் சேர்ந்தது ஆயிரத்து இருநூறு.
அதைத் தாண்டக் கூடாதென்று
உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தேன்.
வேர்வையில் முதலில் அழிந்தது அதுதான்.

நாலு வாங்கினால் இரண்டு சும்மா.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, ஐம்பத்தெட்டுப் பெட்டி.
ஷேர் ஆட்டோவில் மடிமேல் மூட்டையோடு
மிச்சத்தைக் கூட்டினேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஆட்டோவுக்கு நாற்பது போகட்டும்.
வாடகையில் கைவைத்த அறுநூறை
எந்தப் பக்கம் எழுதுவது?

கட்டிலுக்கடியில் எண்ணெய். பீரோமேல் சோப்பு.
சலவைத்தூள், பையனின் புத்தகங்களுக்குப் பின்னால்.
டில்லிபாபு குனிந்து குனிந்து செருப்பைத் தேடிவிட்டு
"எங்க ஹார்பர் குடோனே தேவலாம்" என்றான்.

ஐந்தாம் தேதி வீட்டுக்காரம்மா படியேறி வந்தாள்.
அறுநூறு குறையுது என்றேன்.
பேசாமல் பீரோவைப் பார்த்தாள்.
எட்டு சோப்பை முந்தானையில் முடிந்துகொண்டு
"மீதி அடுத்த வாரம்" என்று இறங்கினாள்,
என்ன விலை போட்டாளென்று சொல்லாமலே.

ராத்திரி விளக்கணைத்த பிறகும்
கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
அந்த எட்டில்
சும்மா வந்தவை எத்தனை?