சய பதினாறு

கொம்பிரசர் இரைச்சலுக்குள் குந்தி
கொப்பியில் எழுதுவது என் வேலை.
நீர்மட்டம் பூச்சியம்.
கீழே போவதெல்லாம் சய.
முதலாளி பாகக் கணக்கில்தான் கூலி தருவார்.

ஒருநாள் சப்றாஸ்
இடுப்பு ஈயத்தை நீருக்குள்ளேயே கழற்றிவிட்டான்.
இழுத்துக்கொண்டிருந்தது சய. அதைக் கழித்தான்.
தக்கைபோல் எகிறி வந்து
படகின் அடியில் மண்டையை இடித்துக்கொண்டான்.
ஒன்பதாம் வகுப்பில் விளங்காத கணக்கு
அன்றைக்கு விளங்கியது.
நான் சிரித்தேன், அவன் இல்லை.

போன புதன், கொட்பேக்கு வெளியே,
காலையில் ஏழு பாகம்.
வெயில் சாய்ந்தபின் பதினாறு.
ஆழத்தை முதலில் முடி என்று சொல்லியிருக்க வேண்டும்.
சங்கு அங்கதான் கிடக்கு மச்சான் என்றான்,
குழாயை விட்டுக்கொடுத்தேன்.

சய ஏழு சக சய பதினாறு
சய இருபத்து மூன்று.
திருப்பிப் போட்டாலும்
சய இருபத்து மூன்று.
கொப்பிக்கு இரண்டும் ஒன்றுதான்.
அவன் முழங்காலுக்கு அப்படியில்லை.

இப்போது கடற்படை ஆஸ்பத்திரியில்
ஓர் இரும்பு உருளைக்குள் கிடக்கிறான்.
துளி தண்ணீரில்லாமல்
சய பத்துக்கு மறுபடி இறக்கி
ஒவ்வொன்றாய்க் கூட்டுகிறார்கள்,
நடுவில் நிறுத்தி, காத்திருந்து,
நான் ஒருநாளும் காத்திராத அளவுக்கு.

வெளி வாங்கில் நஸ்லியா.
எப்ப மேலே வருவார் என்று கேட்கவில்லை.
அந்தப் பதினாறுக்குக்
காசு தந்தாரா என்றுதான் கேட்டாள்.

கொப்பியை விரித்தேன்.
சமன் குறிக்கு அப்பால்
ஈரம் ஊறிய தாள்.